பந்தி வஞ்சனைக்கு 999 ரூபாய்!

சோறு போட்டுப் பணம் வாங்கினால் அது வியாபாரம். பணத்தை வாங்கிக்கொண்டு சோறு போடாமல் அனுப்பினால் அதற்கு என்ன பெயர்? திருச்சியில் ஒரு மைதானத்தில் நடந்த உணவுத் திருவிழாவின் வாசலில் நின்றபோது நாம் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டோம்.

திருவிழாவின் பெயரையும் நடத்தியவர்களின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டால் அதுவே அவர்களுக்கு இலவச விளம்பரம். அதோடு, இது ஒரு தனி ஆளின் அயோக்கியத்தனம் அல்ல, ஒரு முறை. இன்று திருச்சி, நாளை தஞ்சாவூர், மறுநாள் மதுரை என்று கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற முறை.

நாம் அங்கே விருந்து சாப்பிடப் போகவில்லை. மைதானத்தைப் பெருக்கவும் எச்சில் தட்டு அள்ளவும் ஒப்பந்தக்காரர் மூலம் எடுக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளிகள் சிலர், முதல் நாள் கூலி இன்னும் வரவில்லை என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். அதற்காகப் போனோம். போன இடத்தில் மாலை ஏழரை மணிக்கு, ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் குடியிருக்கும் ஒரு நூற்பாலைத் தோழர், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அதற்காகத்தான் வந்தார்களாம். முகத்தைப் பார்த்தால் விருந்துக்குப் போய் வந்த முகமாக இல்லை.

"சாப்பிட்டாச்சா தோழர்?" என்று கேட்டோம்.

"வரிசையைச் சாப்பிட்டோம்" என்றார்.

சாதாரண டிக்கெட் 299 ரூபாய். பிரீமியம் டிக்கெட் 999 ரூபாய். ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைத்துப் போடுவது நம் கண்ணில் மண் தூவுவதற்கு என்பது வேறு கதை. பிரீமியத்துக்குத் தனி வாசல், தனி வரிசை, நிழலில் உட்கார நாற்காலி, இருபது கடைகளில் அளவில்லாத சாப்பாடு என்று செல்போனில் படம் போட்டிருந்தார்கள். சின்னப் பையனுக்கு டிக்கெட் இல்லை. மற்ற மூவருக்கும் 2,997 ரூபாய். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம்.

நம் விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இந்தத் தொகை எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? 2025 ஏப்ரல் முதல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கென்று அறிவித்த நாட்கூலி 336 ரூபாய். ஒன்பது நாள் மண் வெட்டினால் 3,024. ஆக, ஏறக்குறைய ஒன்பது நாள் மண்வெட்டி அந்த வாசலில் கொடுக்கப்பட்டது.

தனி வாசல் இருந்தது. அதன் முன்னால் சாதாரண வாசலைவிட நீளமான கூட்டம் நின்றது! முக்கால் மணி கழித்து உள்ளே போனார்கள். நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. பிரியாணிக் கடையில் நாற்பது நிமிஷம் நின்றபின் அண்டாவின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. தோசைக் கடையில் ஆளுக்கு உள்ளங்கை அளவு ஒன்று. மூன்றாவது கடையில், கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையன், "சார், பிரீமியம் எல்லாம் அந்தப் பக்கம் போங்க" என்றான். அந்தப் பக்கம் போனால் அங்கிருந்த இன்னொரு பையன் இந்தப் பக்கம் போகச் சொன்னான். அந்தப் பையன்களை நாம் குறை சொல்ல மாட்டோம். அவர்களுக்கும் நாட்கூலிதான். கடைசியில் அந்தப் பெண்ணே, "அப்பா, போதும்பா, வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டது. பாராட்டுப் பெற வந்த பிள்ளை, அப்பாவைச் சமாதானப்படுத்திக்கொண்டு திரும்பியது.

பணத்தைக் கேட்டாரா? கேட்டார். டிக்கெட்டின் அடியில் எறும்பு அளவு எழுத்தில், கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று போட்டிருப்பதைக் காட்டினார்களாம்.

இதெல்லாம் ஒரு விஷயமா?

சில தோழர்கள் நம்மிடம் கோபித்துக்கொள்ளலாம். கரும்புக்கு நிலுவை வரவில்லை, ஆலையில் காண்ட்ராக்ட் முறை தலைவிரித்தாடுகிறது, இந்த நேரத்தில் பிரியாணி டிக்கெட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதா என்று கேட்கலாம். "திருவிழாவுக்கு ஏன் போனார்? வீட்டில் கறிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கலாமே" என்றுகூட ஒருவர் சொன்னார்.

நாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பஞ்சு தூசியில் எட்டு மணி நேரம் நிற்கிறவன் தன் பெண்ணை ஒரு நாள் நாற்காலியில் உட்கார வைத்து இருபது வகைப் பலகாரம் வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டால் அது ஆடம்பரமா? அந்த ஆசை நியாயமானது. அதைக் காசாக்கிக்கொண்டு ஏமாற்றினவன்தான் பதில் சொல்ல வேண்டும். உழைக்கிறவன் கஞ்சியோடு திருப்தி அடைய வேண்டும் என்று மிராசுதார் சொல்வார். நாமும் அதையே சொல்வதா?

வித்தை எப்படி நடக்கிறது

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மில்லில் கதிர்க் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய கணக்கல்ல.

ஒரு கடையில் அரை நிமிஷத்துக்கு ஒரு தட்டு கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 120 தட்டு. நாலு மணி நேரத்தில் 480. இருபது கடைக்கு 9,600 தட்டு. அடுப்பு அணையாமல், மாவு தீராமல், மாஸ்டர் மூச்சு விடாமல் வேலை செய்தால் வரும் கணக்கு இது. 'அளவில்லாமல்' என்று விற்றிருக்கிறார்களே, ஒருவர் எட்டுச் சின்னத் தட்டாவது சாப்பிட மாட்டாரா? அப்படியானால் அந்த மைதானம் 1,200 பேருக்குத்தான் போதும். நாலாயிரம் டிக்கெட் விற்றால் ஆளுக்கு இரண்டரைத் தட்டுகூட வராது. இந்தக் கணக்கு டிக்கெட் அச்சடிக்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா?

இப்போது பிரீமியத்துக்கு வருவோம். தனி வரிசையில் இருநூறு பேர் நின்றால் அது வசதி. இரண்டாயிரம் பேர் நின்றால்? பெயர் மாறிய பொது வரிசை! தனி வரிசை என்ற சரக்குக்கு மதிப்பு, அதைச் சிலருக்கு மட்டும் விற்றால்தான். ஆனால் விற்கிறவருக்கு லாபம், அதைப் பலருக்கு விற்றால்தான். இந்த இரண்டில் லாபம்தான் எப்போதும் ஜெயிக்கும். யாரும் தடுக்காதவரை பிரீமியம் டிக்கெட் தன் வாக்குறுதியைத் தானே தின்றுவிடும். அதனால்தான் நாம் இதைத் தனி ஆளின் அயோக்கியத்தனம் அல்ல, ஒரு முறை என்று மேலே சொன்னோம்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பொது வரிசை சீக்கிரம் நகர்ந்தால் 999 கொடுத்து எவன் பிரீமியம் வாங்குவான்? ஆகவே பொது வரிசை நகரக்கூடாது. 299 கொடுத்தவனை வெயிலில் காய விட்டால்தான் அவனைப் பார்த்துப் பயந்து பக்கத்து வீட்டுக்காரன் 999 கொடுப்பான். ஜனங்களின் அவஸ்தையை முதலில் உற்பத்தி செய்கிறார்கள், பிறகு அதிலிருந்து தப்பிக்கும் வழியை விற்கிறார்கள்.

பழைய சினிமாக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், நாற்காலி டிக்கெட் என்று அங்கேயும் வர்க்கம் இருந்தது. ஆனால் இடம் தீர்ந்தால் 'ஹவுஸ்புல்' போர்டு மாட்டினான். அவன் யோக்கியன் என்பதாலா? 1955ம் வருஷத்துச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் லைசென்ஸும் அவன் கையைக் கட்டின. உணவுத் திருவிழாவுக்கு ஹவுஸ்புல் போர்டு எங்கே?

வாஷிங்டன் காட்டும் வழி

இது நம் ஊர் ஆட்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 2017 செப்டம்பரில், நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் பிட்ஸா திருவிழா என்று ஒன்று நடந்தது. விசேஷ டிக்கெட் 75 டாலர். போனவர்கள் ஒரு மைதானத்தில் வெகு நேரம் வரிசையில் நின்று, ஆறிப்போன சின்னஞ்சிறு துண்டுகளை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கூச்சல் எழுந்தது. அந்த மாகாணத்தின் அட்டர்னி ஜெனரல் விசாரணை தொடங்கினார். முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே அதற்கு விசாரணை உண்டு!

அதே 2017ல் பஹாமாஸ் தீவில் 'ஃபையர்' என்று ஒரு திருவிழா. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துப் போன பணக்காரப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை மழையில் நனைந்த கூடாரமும், ரொட்டித் துண்டும் பாலாடைக்கட்டியும். நடத்தியவருக்கு 2018ல் ஆறு வருஷச் சிறைத் தண்டனை. அந்தப் பிள்ளைகளுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் தண்டனை உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னையை மறந்துவிட முடியுமா? 2023 செப்டம்பர் 10ந் தேதி, பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி. இருக்கிற இடத்துக்கு மீறிய கூட்டம். தங்கம், பிளாட்டினம் என்று உலோகங்களின் பெயரில் டிக்கெட் வாங்கினவர்கள்கூட வாசலோடு திரும்பினார்கள். நெரிசலில் பெண்கள் மானபங்கத்துக்கு ஆளானோம் என்று குமுறினார்கள். குழந்தைகள் தவித்தன. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் வண்டிகள் நின்றன. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மான் அறிவித்தார். நடத்திய கம்பெனி மன்னிப்புக் கேட்டது. போலீஸ் வழக்குப் போட்டது. சோறானால் என்ன, பாட்டானால் என்ன, வித்தை ஒன்றுதான்.

வரகனேரியிலிருந்து வந்த பாடம்

பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுவதற்குத் தமிழில் 'பந்தி வஞ்சனை' என்று பெயர். கல்யாண வீட்டில் இதைச் செய்தால் சம்பந்தி சண்டை வரும். ஊர் விருந்தில் செய்தால் ஊரே எழுந்துவிடும்.

நம் திருச்சி வரகனேரியில் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். வெள்ளையனை எதிர்த்தவர், தியாகி, சந்தேகமில்லை. அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்று தெரிந்ததும், 1924லிலும் 1925லிலும் தமிழ்நாடே கொந்தளித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். பொது மக்களின் நன்கொடையில் நடக்கிற இடத்தில் பந்தியில் பேதமா என்பதுதான் கேள்வி. காங்கிரஸ் கட்சியையே அது உலுக்கிவிட்டது. இரண்டு பிள்ளைகள் தனியாகச் சாப்பிட்ட விவகாரம்தானே என்று அன்றும் சிலர் ஏளனம் செய்திருப்பார்கள்!

தென்னிந்திய ரயில்வேக்கு ஒரு காலத்தில் தலைமையிடம் நம் திருச்சிதான். அந்த ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஒரு இடம், மற்றவருக்கு வேறு இடம் என்று தடுப்பு வைத்திருந்தார்கள். ஜனங்கள் போராடித்தான் அந்தத் தடுப்பு 1941ல் விழுந்தது.

அன்று தோளில் கிடந்த நூலைப் பார்த்து இலை போட்டார்கள். இன்று மணிக்கட்டில் ஒட்டிய வர்ணப் பட்டையைப் பார்த்துத் தட்டு நீட்டுகிறார்கள். பிரீமியத்துக்குத் தங்க வர்ணம், மற்றவர்களுக்கு நீலம். மூலத்தோப்புத் தோழரின் கையிலும் அந்தத் தங்கப் பட்டை இருந்தது. பட்டையை மட்டும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள்!

பணத்தின் பேதம் வந்ததால் சாதியின் பேதம் போய்விட்டது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 2022 மே மாதத்தில் ஆம்பூரில் சர்க்காரே பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டு, மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று ஒதுக்கியது. எதிர்ப்பு வந்ததும், மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிப்போட்டார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவிலும் இதே கேள்வி கிளம்பிய பிறகுதான் மாட்டுக்கறிக் கடைக்கு இடம் கிடைத்தது. உணவுத் திருவிழா என்று பெயர் வைக்கிறார்கள், யாருடைய உணவு என்பதை மட்டும் வேலிக்குள் இருந்துகொண்டு தீர்மானிக்கிறார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 செப்டம்பரில் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கினார்கள். அந்த அரசின் மற்றக் காரியங்களோடு நமக்குத் தகராறு உண்டு, அதை இங்கே கிளப்பவில்லை. அந்தக் கூடத்தில் லால்குடிப் பக்கத்து நடவுப் பெண்ணும் காரில் வந்து இறங்கியவரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். ஒரே சோறு, ஒரே சாம்பார். பிரீமியம் சாம்பார் கிடையாது.

அதே மதிலுக்குள் நாலு எட்டு வைத்தால் பெருமாளைப் பார்க்கக் கட்டண வரிசை தனி, காசில்லாதவன் வரிசை தனி! நாம் தரிசனத்துக்குப் போகிறவர்கள் அல்ல. போகிறவர்கள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள், அது அவர்கள் இஷ்டம். வைகுண்ட ஏகாதசிக்கு விடிய விடிய நிற்கிறவளுக்கு முன்னால் சீட்டுக்காரர் போகிறாரே, அதைத்தான் கேட்கிறோம். ஏழு மதில் கட்டிய ஊரில் எட்டாவது மதிலாகக் கட்டண வரிசைக் கம்பியை யார் நட்டது? அன்னதானக் கூடத்தில் சாத்தியமான சமத்துவம் சன்னதியில் ஏன் சாத்தியமில்லை? கோயிலே கற்றுக்கொடுத்த பிறகு மைதானத்துக்காரன் கூசுவானா?

அன்றிரவு அந்தக் குடும்பத்தோடு நாமும் காவிரிப் பாலத்தைத் தாண்டினோம். அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் இட்லி. நாலு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். நூற்றிருபது ரூபாய். மூன்று தடவை சட்னி ஊற்றிய அந்த அம்மாளிடம் திருவிழாக் கதையைச் சொன்னபோது, "ரோட்டோரக் கடைன்னு போர்டு போட்டு அங்க விக்கிறாங்களாமே அண்ணே. நெஜமா ரோட்டோரத்துல விக்கிற எங்கள வேனைக் கொண்டாந்து வெரட்டுறாங்க" என்றார்.

இதைவிட நன்றாக நம்மால் எழுத முடியாது. மைதானத்துக்குள் மூங்கில் தட்டியும் லாந்தர் விளக்கும் கட்டி, 'தெருச் சாப்பாடு' என்று ஆங்கிலத்தில் போர்டு வைத்திருந்தார்கள். வேலிக்குள் அது கலாசாரம். என்.எஸ்.பி. ரோட்டிலும் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் அதுவே ஆக்கிரமிப்பு! 2014ல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, இடம் ஒதுக்க வேண்டும், அதுவரை விரட்டக்கூடாது என்று அது சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வேனில் வருகிறவர்கள் இதைப் படித்திருக்கிறார்களா?

மணப்பாறை முறுக்குக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவிழாவில் அதற்கும் ஒரு பளபளப்பான கடை. முறுக்குச் சுற்றுகிற கைகளை அங்கே காணோம். எண்ணெய்ச் சட்டி முன் நின்ற மாஸ்டருக்கு உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. எச்சில் தட்டு அள்ளிய பெண்கள், விளக்கெல்லாம் அணைந்தபிறகு மீந்த குஸ்காவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 'அளவில்லாச் சாப்பாடு' நடந்த இடம் அது! அவர்களுடைய கூலி, நாம் போய் நின்ற பிறகு, இரவு பதினொன்றரை மணிக்குக் கிடைத்தது. ஒருவருக்கு மட்டும் அரை நாள் பிடித்திருக்கிறார்கள். அதை விடப்போவதில்லை.

கேட்டு வாங்குவோம்

திருவிழா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நடக்கட்டும். ஆனால் மாநகராட்சியும் போலீசும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன், எத்தனை டிக்கெட், எத்தனை தட்டு, எத்தனை குடிதண்ணீர்க் குழாய், எத்தனை கக்கூஸ் என்று கேட்கட்டும். ஒவ்வொரு வகை டிக்கெட்டிலும் எத்தனை விற்கப்படும் என்பதை அந்த டிக்கெட்டிலேயே அச்சடிக்கச் சொல்லட்டும். ரயில் டிக்கெட்டில் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் போட முடிகிறது, இவர்களால் முடியாதா?

எறும்பு எழுத்துக்குப் பயப்பட வேண்டாம். 2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் கண்ட கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிகம் என்று அது சொல்கிறது. கொடுத்த பணம் 5 லட்சம் வரையானால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். ஒரே விதமாக ஏமாற்றப்பட்டவர்கள் எல்லோருக்காகவும் சிலர் சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு, ஒரே மனுவாகக் கொடுக்கவும் இடமுண்டு. ஜில்லா நுகர்வோர் ஆணையம் திருச்சியிலேயே இருக்கிறது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகாரைப் பதியலாம்.

தனியாகப் போனால் 999 ரூபாய்க்காக எவன் அலைவான் என்றுதான் அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. மூலத்தோப்புத் தோழரே முதலில், "போகட்டும் தோழர், விட்ருங்க" என்றார். அவருடைய பெண்தான் மனுவை எழுதினாள். நல்ல கையெழுத்து. தேதி, நேரம், எந்தக் கடையில் எத்தனை நிமிஷம் நின்றோம் என்பதெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறாள்.

அந்த மனு சங்க ஆபீஸ் மேஜையில் இருக்கிறது. இதுவரை பதினேழு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள், அதில் நாலு பேர் 299 ரூபாய் டிக்கெட்காரர்கள். அன்று போய் ஏமாந்தவர்கள் செல்போனில் இருக்கும் டிக்கெட்டையும், பணம் கட்டியதற்கு வந்த செய்தியையும் அழித்துவிட வேண்டாம். கையில் ஒட்டிய பட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் ஆபீஸ் திறந்திருக்கும்.